நெருஞ்சியா, முள் பொன்னாங்கண்ணியா? தரையோடு படரும் முள்செடியை அடையாளம் காண்பது

செருப்பின் அடியில் முள்காய் ஏறினாலே நெருஞ்சி என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது வேறு செடியாக இருக்கும். முள்ளை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள், சந்தேகம் பாதி தீர்ந்துவிடும்.

நெருஞ்சிக்குப் புளிய இலை போன்ற கூட்டிலை. ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள். ஐந்து இதழ் கொண்ட மஞ்சள் பூ. காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முட்கள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்க்கும். சைக்கிள் டயர் பஞ்சராவது இதனால்தான்.

முள் பொன்னாங்கண்ணியில் கூட்டிலையே கிடையாது. ஒவ்வொன்றும் தனி இலை, முட்டை வடிவம் அல்லது ஏறக்குறைய வட்டம். மஞ்சள் பூவையும் தேட வேண்டாம். இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் மூலையில், காம்பில்லாமல் ஒட்டியிருக்கும் வைக்கோல் நிறக் கொத்துதான் பூ. அதன் செதில்களின் கூர்முனையே காய்ந்து முள்ளாகிறது. கிள்ளினால் கொம்புத் துண்டு வராது, சொரசொரப்பான உருண்டை வரும். தண்டு கணுக்களிலும் வேர் விடும். தண்டில் எதிரெதிராக நிற்கும் இலை ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்பதை அடையாளமாகச் சொல்வார்கள். அது இரண்டு செடிக்குமே பொருந்தும், அதனால் இங்கே உதவாது.

'வெளியிலிருந்து வந்த களை' என்ற துப்பு எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. முள் பொன்னாங்கண்ணிக்குச் சொந்த மண் வெப்பமண்டல அமெரிக்கா. நெருஞ்சிக்கு அமெரிக்காதான் அந்நியம்: அதை அடக்க 1961-இல் இத்தாலியிலிருந்து இரண்டு வகை மூக்குவண்டுகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். மத்தியதரைக்கடல் பகுதியிலோ இந்தியாவிலோ இருந்துகொண்டு வந்தேறிக் களையைத் தேடினால், நெருஞ்சியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

மற்ற முள்செடிகள் சுலபம். புல்வெளியில், இலை நூல் நூலாகப் பிரிந்து தரையோடு தரையாகக் கிடந்தால் தென் அமெரிக்காவின் சோலிவா. மூன்று சிற்றிலையும் சுருண்ட முள்காயும் என்றால் மெடிக்காகோ. அது அவரைக் குடும்பம். இலையே புல்லாக இருந்து, கதிரில் முள் உருண்டை இருந்தால் செங்க்ரஸ். யாரிடமாவது படம் காட்டிக் கேட்பதாக இருந்தால் இலையும் பூவும் ஒட்டியிருக்கும் தண்டை எடுங்கள். உள்ளங்கையில் வைத்த ஒற்றை முள்ளைப் பார்த்துச் சொல்வது யாருக்கும் கஷ்டம்.

சரி, எதுவாக இருந்தால் என்ன, பிடுங்கத்தானே போகிறோம்? அங்கேதான் வித்தியாசம். நெருஞ்சி பெரும்பாலும் ஒரு பருவச் செடி. காய் முற்றுவதற்குள் ஆணிவேரைத் தரைக்குச் சற்றுக் கீழே வெட்டினால் அந்தச் செடி முடிந்தது. ஆனால் மண்ணில் கிடக்கும் பழைய விதை சில வருடம் கழித்தும் முளைக்கும். முள் பொன்னாங்கண்ணியை மேலோடு கொத்தினால் தடித்த வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். சோலிவா காலில் குத்தத் தொடங்கும்போது அதன் ஆயுளே முடியப்போகிறது. அப்போது மருந்தடிப்பது வீண் செலவு. குளிர்காலத்தில், காய் பிடிப்பதற்கு முன்பே அடித்திருக்க வேண்டும்.