"கோடைல பூத்துக் குலுங்கும் பெரென்னியல் பார்டர்"னு சொல்லி அட்வான்ஸ் கேட்டா குடுத்துறாதீங்க

ஈரோடு, பெருந்துறை, அவிநாசி, திருப்பூர் பக்கம் வீட்டுத்தோட்டம் வெச்சிருக்கறவங்க இதை ஒருக்கா முழுசா படிச்சுருங்க. சித்திரை வைகாசில பாத்தி காலியா கெடக்குது, அங்க வருசா வருசம் தானா பூக்கற செடி வேணும்னு தேடறவங்களாப் பாத்து ஒரு நர்சரிக்காரரு 'பெரென்னியல் பேக்கேஜ்'னு ஒண்ணு வித்துட்டு இருக்கறாரு (பெரென்னியல்னா ஒருக்கா வெச்சா பல வருசம் நிக்கற செடி, பார்டர்னா ஓரமா நீளமாப் போடற பூப்பாத்தி). எங்கிட்ட 32,000 ரூபாய் வாங்கிட்டு வெச்சுட்டுப் போனாருங்க, ரெண்டாவது மாசத்துல அதுல பாதிச் செடி கூட உசுரோட இல்ல. புகார் நடந்துட்டு இருக்கறதால பேரு போடல. ஆனா அவரு பண்ணுன வேலைய அப்படியே எழுதறேன், இதே மாதிரி யாரு வந்தாலும் கண்டுபிடிச்சுரலாம்.

எங்க வீடு பெருந்துறை பக்கம், மேல செம்மண்ணு, ரெண்டடி தோண்டினா சுண்ணாம்புக்கல்லு, போர் தண்ணி உப்பு. கேட்ல இருந்து வாசல் வரைக்கும் ரெண்டு பக்கமும் நீளமா பாத்தி. மார்கழி தைல டேலியா, சாமந்தி, பெட்டூனியான்னு கண்ணுக்கு நெறைவா இருக்கும், மாசி முடியறப்ப எல்லாம் ஓஞ்சுரும், அதுக்கப்பறம் வெறும் மண்ணுதான். அந்த மாசத்துலதான் நோம்பி, கல்யாணம், பள்ளிக்கூட லீவுன்னு ஒறம்பரை வர்றது, அம்மா வேற காலைல சாமிக்குப் பூப் பறிக்கப் போயி வெறுங்கையோட திரும்பி வர்றதைப் பாத்தா வெசனமா இருக்கும். அதனால அவருகிட்ட தெளிவா கேட்டேன், நேர் வெயில் தாங்கோணும், உப்புத்தண்ணி தாங்கோணும், கோடைல பூக்கோணும், ஒருக்கா வெச்சா அஞ்சாறு வருசமாவது நிக்கோணும். இது நாலையும் வாட்ஸ்அப்புல எழுதி அனுப்பினேன், "ஓகே சார், கேரண்டி"ன்னு பதில் வந்துச்சு.

அவரு காமிச்ச போட்டோவெல்லாம் வெளிநாட்டுத் தோட்டம். டெல்ஃபினியம், லூபின், பியோனி, லாவெண்டர்னு ஒவ்வொண்ணும் பாக்கறதுக்கு அவ்வளவு அழகு. இங்கிலாந்து பக்கம் நடுக்கோடைல பார்டர்ல விழுகற காலி எடத்தை பெரென்னியல் செடிகளை வெச்சு நெரப்பறாங்கங்கறது நெசந்தான், ஆனா அவங்க கோடைன்னு சொல்றது 22, 25 டிகிரி, நம்ம ஈரோட்டுல ஏப்ரல் மே-ல 40 தொட்டுருதுங்க. அந்தச் செடில பலது பனிக்காலத்துல மேல காஞ்சு வேரு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கி மறுபடி எந்திரிக்கறது, பியோனிக்கெல்லாம் அந்தக் குளிரு கெடைக்காட்டி மொக்கே வெக்காது. "இதெல்லாம் நம்மூருக்கு ஆகுமாங்க"ன்னு கேட்டதுக்கு, "ஊட்டி மலர்க் கண்காட்சி மே மாசந்தானுங்க சார் நடக்குது, அங்க பூக்கறது இங்க பூக்காதா"ன்னாரு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்குது, ஈரோடு 200 மீட்டர் கூட வராது. செடி விக்கறவருக்கு இது தெரியாமயா இருக்கும்?

பங்குனி நடுவுல வண்டில செடி வந்து எறங்குச்சு, எல்லாம் பூவோட. ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், ஃபுசியா, கொஞ்சம் டெல்ஃபினியம், முன்னாடி வரிசைக்கு ஜின்னியா, நடுவுல செம்பருத்தி. வெச்ச அன்னைக்கு தெருவே வந்து பாத்துச்சு, அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம். மீதிப் பணத்தையும் அன்னைக்கே ஜிபே பண்ணச் சொல்லி நின்னு வாங்கிட்டுப் போனாரு. கத்திரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஹைட்ரேஞ்சியா எல ஓரமெல்லாம் கருகி, காலைல தண்ணி விட்டா மத்தியானம் வேக வெச்ச கீரையாட்டம் தொங்குச்சு, ஃபுசியா அதுக்கு முன்னாடியே போயிருச்சு.

தோட்டக்கலைத் துறைல இருந்து ரிட்டையர் ஆன மாமா ஒருத்தரு வந்து பாத்தாருங்க, அவரு ஒவ்வொண்ணா தோண்டிக் காமிச்சப்பதான் எனக்கு முழு வெவரமும் புரிஞ்சுது. செம்பருத்தியப் புடிச்சு லேசா இழுத்தாரு, கையோட வந்துருச்சு, அடில கத்திரிக்கோல்ல வெட்டுன வெட்டு அப்படியே இருக்குது, ஒரு வேரு இல்ல. பூத்துட்டு இருந்த கொம்ப வெட்டிப் பையில சொருகிக் கொண்டாந்திருக்கறாங்க. "மாப்ள, இங்க பாரு, பையில மண்ணே இல்ல, பூராவும் தேங்கா நார்க்கழிவு, வேருக்கட்டி சுத்தமா காஞ்சு கெடக்குது, நீ ஊத்துற தண்ணி பக்கத்து மண்ணுக்குத்தான் போயிருக்குது"ன்னாரு. தொட்டுப் பாத்தா பாத்தி ஈரமா இருக்குது, வேருக்கட்டி பொடியா இருக்குது. ஜின்னியாவுல 'பெரென்னியல்'னு பிளாஸ்டிக் லேபிள் வேற, அது விதைல மொளைச்சு பூத்து விதை வெச்சு ஒரே சீசன்ல காஞ்சு போற செடிங்க, அடுத்த வருசம் அடிக்கட்டைல இருந்து எப்படி வரும்? விதை பாக்கெட் சில்லறைக் காசுக்கு கெடைக்குது, அதுக்கு ஒரு செடி 180 ரூபாய் போட்டிருந்தாரு. இதைத்தான் என்னால தாங்கிக்கவே முடியல.

போன் பண்ணுனா முதல்ல வெயிலுன்னாரு, பொறவு உங்க தண்ணி உப்புன்னாரு. அதைத்தானே நான் முன்னாடியே எழுதி அனுப்பினேன்! கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல மண்ணும் தண்ணியும் டெஸ்ட் பண்ணித் தருவாங்க, இவரு மண்ணைக் கையில எடுத்துக் கூடப் பாக்கல. கடைசில "செத்ததுக்குப் பதிலா லாந்தனா வெச்சுத் தர்றேன், அது சாகவே சாகாது"ன்னாரு. நம்ம உண்ணிச்செடிங்க அது. சத்தியமங்கலம் காட்டுல அது பொதரு பொதரா பரவி ஆடுமாடு, மானுக்கு மேய புல்லு இல்லாம ஆக்கி வெச்சிருக்குது, அதைக் காசு குடுத்து வாசல்ல வெக்க எனக்கு மனசு வரலைங்க, வேண்டாம்னுட்டேன். அப்பறம் போனே எடுக்கல.

நெசமாவே கோடை இடைவெளிக்குச் செடி தேடறவங்களுக்கு மாமா சொன்னதைச் சொல்லிர்றேன். நித்யகல்யாணி, காகிதப்பூ, அரளி, டெகோமா, டேபிள் ரோஸ் இதெல்லாம் எங்க வெயிலுக்கு அசையாது, காகிதப்பூவுக்கு தண்ணி கொறைச்சாத்தான் பூவே நல்லா வரும், அரளி வெச்சா சின்னக் கொழந்தையும் ஆடுமாடும் அதை வாயில வெக்காம பாத்துக்கோணும், வெசம். இட்லிப்பூ எல்லாரும் வெக்கறாங்க, ஆனா சுண்ணாம்பு மண்ணுல எல மஞ்சளாகி நிக்கும், இரும்புச்சத்து எடுக்க முடியாது, அதனால மக்குன எரு நெறைய போட்டுத்தான் வெக்கோணும். கல்வாழை அருமையா பூக்கும், தண்ணி கேக்கும். ஆனா பொள்ளாச்சி, உடுமலை, கோயமுத்தூர் பக்கம் இருக்கறவங்க பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற மேக்காத்து ஆனி ஆடில அடிக்கறதை நெனைச்சு, ஒசரமா வளர்றதை சொவத்தோரமா வெச்சுக்குங்க. மழை லில்லிக் கெழங்கு முன் வரிசைல கெடந்தா கோடை மழை ஒண்ணு பேஞ்ச கையோட ஒண்ணா பூக்கும், அம்மா அதைத்தான் மொதல்ல வெக்கச் சொன்னாங்க. முக்கியமா கோடைப் பூவுக்கு ஐப்பசி கார்த்திகை மழையோட நடோணும், அப்பத்தான் வெயில் வர்றதுக்குள்ள வேரு கீழ எறங்கும். பங்குனில பூவோட கொண்டாந்து "நாளைக்கே பார்டர் ரெடி"ங்கறவங்க விக்கறது அன்னைக்கு இருக்கற பூவ மட்டுந்தான். வாங்கறப்ப பைய கவுத்து வேரைக் காமிக்கச் சொல்லுங்க, நல்ல நர்சரிக்காரங்க மொகம் சுளிக்க மாட்டாங்க, சத்தி கோபி பக்கமெல்லாம் அப்படிப்பட்டவங்க எத்தனையோ பேரு இருக்கறாங்க.

எனக்கு அவரு குடுத்தது கொட்டேசன் துண்டுச்சீட்டு மட்டும், அதுலயும் 'உயிருள்ள பொருள், ரிட்டர்ன் கிடையாது'ன்னு சீல். பில்லு குடுக்காம இருக்கறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முறையற்ற வணிகத்துல சேருது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு புகார் பதிஞ்சேன், வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, லேபிள், வேரில்லாத கொம்போட போட்டோ எல்லாம் சேத்து அனுப்பினேன், அதுக்கப்பறந்தான் 12,000 திரும்பி வந்துச்சு. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு குடுக்கறதுக்கு எழுதிட்டு இருக்கறேன், நாம குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் கெடையாதுங்க. இதே ஆளுகிட்ட ஏமாந்தவங்க இருந்தா செத்த செடிய தூக்கி வீசிறாம, தேதியோட போட்டோ எடுத்து வெச்சுட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே மனு குடுக்கலாம்.