ஏமல் பிரீமியர் 930 கார்புரேட்டர்: பழைய போனவில்லுக்கு ஏற்றதா?

1968ஆம் ஆண்டின் டிரயம்ஃப் போனவில் டி120 மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் ஏமல் கான்சென்ட்ரிக் 930 கார்புரேட்டர் ஜோடியே சரியான தேர்வு. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் 30 மில்லிமீட்டர் துளையைக் குறிக்கின்றன. கூடுதல் வேகத்தை எண்ணி 932 வாங்குவோர், சிங்கப்பூரின் சமிக்ஞை விளக்குகளுக்கிடையே மிகவும் தேவைப்படும் குறைந்தவேக இழுவையை இழக்க நேரிடும்.

பழைய கான்சென்ட்ரிக்கில் உடலும், அதனுள் மேலும் கீழும் நகர்ந்து காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடும் ஒரே துத்தநாகக் கலவை என்பதால், அவை ஒன்றையொன்று தேய்த்து, இடைவெளி வழியே காற்று கசிந்து, வண்டி நின்ற நிலையில் இன்ஜின் சீராக ஓடாது. அதன் புதிய வடிவமான பிரீமியரில் கடினப்படுத்திய அலுமினிய ஸ்லைடு அந்தத் தேய்மானத்தைப் பெரிதும் குறைக்கிறது. என்னை அதைவிடக் கவர்ந்தது, குறைந்தவேகத்தில் பெட்ரோலை அளந்துவிடும், கழற்றக்கூடிய பைலட் ஜெட். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்து முதலில் அடைபடுவது அந்த நுண்துளைதான்; முன்பு அதைத் துப்புரவாக்குவது பெரும்பாடு, இப்போது திருகைக் கழற்றினால் போதும்.

விலை குறைவன்று, ஆயினும் தேய்ந்த உடலைச் சீர்செய்வதைவிட இதுவே மேல் என்பேன். காக்கி புக்கிட்டில் எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், கார்புரேட்டரை இன்ஜினுடன் இணைக்கும் ஃபிளாஞ்ச் திருகுகளை அளவுக்குமீறி இறுக்க வேண்டாம் என முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடல் வளைந்தால் புதிய ஸ்லைடும் சிக்கிக்கொள்ளும்.