கிளாஸ்ல கேள்வி கேட்டா, கை தூக்குறவங்கள மட்டும் கேக்கலாமா, ஜோடியா பேச விடலாமா?

கோத்தகிரி பக்கம் கிளாஸ் எடுக்குறேன், ரெண்டு விதமும் பாத்துட்டேன். கை தூக்குறவங்கள மட்டும் கேட்டா போர்ஷன் வேகமா ஓடும், ஆனா வருஷம் பூரா முன் பெஞ்ச் பசங்க குரல்தான் கேக்கும், மத்தவங்க வேடிக்கை பாக்குற ஆளாவே ஆயிடுவாங்க.

இன்னொன்னு 1981ல அமெரிக்கக் கல்வியாளர் ஃப்ராங்க் லைமன் சொன்ன முறை, முதல்ல தனியா யோசி, அப்புறம் பக்கத்து ஆள்கிட்ட பேசு, கடைசியா கிளாஸுக்கு சொல்லு. உறைபனி ஏன் பள்ளத்துல அதிகம்னு கேட்டேன், வாயே திறக்காத ஒரு பொண்ணு தோழிகிட்ட படுகுல, அதான் படுகர் மொழில, கடகடன்னு பேசுறா, அவங்க கேரட் தோட்டம் பள்ளத்துலதானாம், மேல இருக்குற டீச்செடி தப்பிச்சிடும் கீழதான் கருகும்னு. குளிர்ந்த காத்து கனம், அதான் இறங்கித் தேங்குதுன்னு அங்கேர்ந்தே பாடத்த ஆரம்பிச்சேன். வீட்ல படுகு பேசுற பிள்ளைங்களுக்கு தமிழ்ல வாக்கியம் கோக்க கொஞ்சம் டைம் வேணும்ங்க.

சத்தம் வரும், உண்மைதான். ஆனா கேள்வி கேட்டு 3 செகண்ட் பொறுத்தாலே பதில் நீளமா வரும்னு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவோட ஆராய்ச்சி சொல்லுது, நாம 1 செகண்ட்லயே அடுத்த ஆள கூப்பிட்டுடுறோம். ரிவிஷனுக்கு கை தூக்குறது போதும், புதுப் பாடத்துக்கு என் ஓட்டு ஜோடிக்குத்தான்.