இடம் இருந்தும் இடமில்லை என்னும் கோப்பு முறைமை: பிடிஆர்எஃப்எஸ் நீண்டகால அனுபவம்

புதிய எஸ்எஸ்டி வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், அதில் லினக்ஸ் நிறுவும்போது பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளைச் சேமித்துக் கணக்கு வைக்கும் அமைப்பு) தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டார். பல ஆண்டுகளாக என் வேலைக் கணினியில் அதையே வைத்திருந்தும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்தே தன் டெஸ்க்டாப் பதிப்புகளில் இதை இயல்பிருப்பாக ஆக்கிவிட்டதால், ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் ஒரு கணத்து நிலையைப் பதிந்துவைப்பது), சுருக்கம், செக்சம் (தரவு சிதைந்ததா என்று சரிபார்க்கும் எண்) முதலிய வசதிகளை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. என்னை இன்றுவரை அலைக்கழிக்கும் ஒரே விஷயம் வட்டில் உள்ள காலியிடக் கணக்கு.

ஒரு சிஸ்டம் அப்டேட் பாதியில் நின்று, "சாதனத்தில் இடம் இல்லை" என்ற பிழைச்செய்தி வந்தது. வட்டின் இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளை தந்த மொத்த அளவிலிருந்து பயன்பட்ட அளவைக் கழித்தால் நாற்பது ஜிபிக்கு மேல் மிஞ்சியது. சரி, பழைய கோப்புகள் சிலவற்றை நீக்கலாம் என்று ஆர்எம் கட்டளை கொடுத்தால், அதற்கும் அதே பதில் வந்தது. இடத்தை விடுவிக்கக்கூட இடமில்லை என்று ஒரு கோப்பு முறைமை சொல்வதைக் கண்டபோது எழுந்த ஆத்திரம் இன்னும் முழுமையாக அடங்கவில்லை.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் வட்டைத் துண்டு துண்டாக ஒதுக்கிக்கொள்கிறது. கோப்புகளின் உள்ளடக்கத்துக்கு ஒரு வகைத் துண்டு (வழக்கமாக 1 ஜிபி), கோப்புப் பெயர்கள், இருப்பிட விவரங்கள், செக்சம் அடங்கிய மீத்தரவுக்கு வேறொரு வகைத் துண்டு. வட்டு முழுவதும் இப்படி ஒதுக்கப்பட்டபின் மீத்தரவுத் துண்டுகள் நிரம்பிவிட்டால், உள்ளடக்கத் துண்டுகள் பாதி காலியாகக் கிடந்தாலும் அந்தக் காலியிடம் மீத்தரவுக்குப் பயன்படாது. மீத்தரவு பெரும்பாலும் இரட்டைப் பிரதியாக வைக்கப்படுவதால் புதிய துண்டுக்கு இருமடங்கு இடமும் தேவைப்படும். எதையும் இருந்த இடத்திலேயே மாற்றி எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் முறை இது என்பதால், ஒரு கோப்பை நீக்குவதற்கும் முதலில் புதிதாக மீத்தரவு எழுதியாக வேண்டும். இதற்கென்று குளோபல் ரிசர்வ் என்ற சிறு இருப்பு இருந்தாலும், நெருக்கடியில் அது எப்போதும் கைகொடுப்பதில்லை.

எனவே டிஎஃப் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, "பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்" தரும் பட்டியலில் "டிவைஸ் அன்அலொகேட்டட்" (எந்தத் துண்டுக்கும் இன்னும் ஒதுக்கப்படாத இடம்) என்ற வரியைப் பார்க்க வேண்டும். எனக்கு அங்கே மிஞ்சியிருந்தது சுமார் ஒரு எம்பி. அரைகுறையாக நிரம்பிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் பேலன்ஸ் கட்டளைக்கும் கொஞ்சம் காலியிடம் தேவைப்படுவதால், ஒரு யுஎஸ்பி டிரைவைத் தற்காலிகமாக அதே கோப்பு முறைமையில் சேர்த்தேன். பிறகு பேலன்ஸ் கட்டளையில், எத்தனை சதவீதம் வரை நிரம்பிய உள்ளடக்கத் துண்டுகளைக் கையாளலாம் என்று சொல்லும் யூசேஜ் வடிகட்டியைப் பூஜ்யத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்திய பின்னரே வழி பிறந்தது. அந்த டிரைவை முறைப்படி ரிமூவ் கட்டளையால் விடுவிக்காமல் பிடுங்கினால் கோப்பு முறைமையே பாழாகிவிடும். உதவிக்கான வழியிலும் இப்படியொரு ஆபத்து இருப்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

பெரிய கோப்பை நீக்கியும் இடம் கூடாததற்கு வேறொரு காரணம் உண்டு: ஏதாவதொரு பழைய ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துவைத்திருக்கும். ஸ்னாப்ஷாட்டை நீக்கினாலும் சுத்திகரிப்புப் பணி பின்னணியில் நடப்பதால் இடம் மெதுவாகத்தான் திரும்புகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஸ்னாப்ஷாட் வேண்டுமென்றால் அதற்கான விலை அது.

நியாயமாகச் சொல்வதானால், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் 3.18 பதிப்பு முதல் முற்றிலும் காலியான துண்டுகள் தாமாகவே விடுவிக்கப்படுவதால் இந்தத் தொல்லை முன்பைவிட மிகவும் குறைந்திருக்கிறது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-இலும் இடம் இருக்கும்போதே ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைக்கும் பதிவுகள்) தீர்ந்து இதே பிழைச்செய்தி வரலாம்; ஆனால் அங்கே "டிஎஃப் மைனஸ் ஐ" என்ற ஒரே கட்டளையில் காரணம் தெரிந்துவிடுகிறது. மறுபுறம், பழுதான ஒரு கேபிளால் கோப்புகள் சத்தமின்றிச் சிதைந்துகொண்டிருந்ததை எனக்குக் காட்டிக்கொடுத்தது பிடிஆர்எஃப்எஸ் செக்சம்தான். எக்ஸ்ட்4 கோப்பின் உள்ளடக்கத்துக்குச் செக்சம் வைப்பதில்லை என்பதால், அதில் அந்தச் சிதைவு என் பேக்கப் வரை பரவியிருக்கும். இசட்எஸ்டிடி சுருக்கத்தால் மூல நிரல்களும் லாக் கோப்புகளும் பிடிக்கும் இடம் கண்கூடாகக் குறைந்தது. கெட்டுப்போன அப்டேட்டிலிருந்து ஸ்னாப்ஷாட் வழியே நிமிடங்களில் மீண்டு வந்திருக்கிறேன். என் கணினியிலிருந்து இதை நீக்கும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை.

ஆயினும் நண்பருக்கு எக்ஸ்ட்4 போதும் என்றே பதில் எழுதினேன். அவர் வட்டை எப்போதும் நிரப்பியே வைத்திருப்பவர். டெர்மினலைத் திறக்க விரும்பாதவர். கோப்பை அழிக்கவே முடியவில்லை என்று ஒருநாள் அவர் தவித்து நிற்கும்போது, துண்டு ஒதுக்கீட்டின் நுணுக்கங்களை விளக்குவதால் அவருக்கு எந்தப் பயனும் இருக்காது.