எர்ஹு வாங்கப் போகிறீர்களா? கடையில் ரோசின் பூசும்போது கையைப் பாருங்கள்

வாத்திய வில்லின் முடியில் தேய்க்கும் 18 யுவான் ரோசின் பிசின் கட்டியில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு 700 யுவான் தண்டம் அழுதவன் எழுதுகிறேன். ஷாங்காயில் வேலைக்கு வந்த இடத்தில் எர்ஹு என்ற சீன வில்வாத்தியம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கும் நம் ஆட்கள் என்னைத் தவிரவும் சிலர் இருப்பார்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எர்ஹுவுக்கு இரண்டே தந்தி. மலைப்பாம்புத் தோல் போர்த்திய சின்ன மரப்பெட்டி, அதன்மேல் நீண்ட கழுத்து. தொடையில் நிறுத்தி வாசிப்பார்கள். வயலின் மாதிரி வில்லைச் சட்டென்று தனியாக எடுத்து வைக்க முடியாது; வில்லின் குதிரைவால் முடி இரண்டு தந்திகளுக்கும் நடுவே ஓடுகிறது. முடிக்கற்றையின் ஒரு முகம் உள்தந்தியை உரசும், மறுமுகம் வெளித்தந்தியை உரசும். எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வாங்கிய அன்று இது என் மண்டையில் ஏறவே இல்லை. சின்ன வயதில் அக்கா வயலின் வில்லுக்கு ரோசின் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அங்கே முடிக்கு வேலை செய்கிற பக்கம் ஒன்றுதான். இங்கேயும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். என் சீன மொழி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் என்பது அவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. புது முடியில் ரோசின் இல்லாவிட்டால் சத்தமே வராது என்றார். அது உண்மைதான். பொன்னெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றை எடுத்து, எர்ஹுவுக்கென்றே செய்த உயர்தர ரோசின், 160 யுவான் என்றார். கட்டியை எடுத்து, கைக்கு எட்டிய முகத்தில் பத்து இழுப்பு இழுத்தார். அப்புறம் லைட்டரைப் பற்றவைத்துக் கட்டியின் ஓரத்தில் காட்டினார். தேன் நிறத்தில் உருகிய ரோசின் நாலைந்து சொட்டாக, எர்ஹுவின் மரப்பெட்டி மேல் வில் ஓடுகிற இடத்தில் விழுந்து உறைந்தது. கடை முழுக்கப் பைன் மர வாசனை. இனி நீங்கள் பூசவே வேண்டாம், வாசிக்க வாசிக்க வில் தானே ஏற்றிக்கொள்ளும் என்று சொல்லி அதற்குத் தனியாக 60 யுவான் போட்டார். ஏதோ பரம்பரை ரகசியத்தை எனக்கு மட்டும் செய்து கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. நன்றி வேறு சொன்னேன்.

வீட்டில் வெளித்தந்தி ஒரு மாதிரி பேசியது. உள்தந்தியில் வெறும் காற்று. வில் வழுக்கிக்கொண்டு போகும், நடுவில் ஒரு சீறல் வரும், மறுபடி வழுக்கும். என் கைதான் சரியில்லை என்று இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் முடியை இரண்டு விரலால் நீளமாக நீவிப் பார்த்தார். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது, முடியைத் தொடவே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. உதட்டைப் பிதுக்கி, முடி செத்துப்போய்விட்டது என்றார். புது வில் 480 யுவான். அதற்கும் அதே கட்டி, அதே ஒரு முகம், அதே பத்து இழுப்பு. வீட்டுக்கு வந்தால் அதே சீறல்.

காலையில் ஃபூஷிங் பூங்காவில் எர்ஹு வாசிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. எல்லாரும் லாவ்ஷி என்று கூப்பிடுவார்கள், வாத்தியார் என்று அர்த்தம். தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். அவர் வாசிக்கக்கூட இல்லை. வில்லை வெயில் பக்கம் திருப்பிக் காட்டினார். முடியின் ஒரு முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. மறுமுகம் குதிரையின் வாலில் இருந்தபோது எப்படி இருந்திருக்குமோ அப்படியே பளபளவென்று இருந்தது.

அவருடைய கட்டி, தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி இருந்தது. என்னுடையதின் மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழவென்று இருந்ததால், முதலில் அதை உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டார். முடியை விரலால் தொடாமல் கட்டியாலேயே அழுத்தி இறுக்கமாக வைத்துக்கொண்டு, பிடியிலிருந்து நுனிவரை மெதுவாக, பூசாத முகத்தில் தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு முனைகளிலும் கட்டி சரியாகப் படாது என்று அங்கே மட்டும் சின்னச் சின்னதாகக் கூடுதல் தேய்ப்பு. நான் எண்ணினேன், 42 இழுப்பு. பிறகு உள்தந்தியில் ஒரே ஒரு முழு வில் போட்டார். கழுத்துவரை அதிர்ந்தது.

செத்துப்போன முதல் வில்லையும் மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். விரல் பட்ட இடம் மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் செய்தது. மற்றபடி அதுவும் பேசியது.

எர்ஹுவின் மரப்பெட்டியில் இருந்த சொட்டுகளைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். அது பொய்யான முறை இல்லை. அவருடைய பழைய எர்ஹுவிலேயே கறுத்துப்போன ஒரு ரோசின் மேடு இருக்கிறது. பட்டுத் தந்தி கட்டிய காலத்தில், நாளெல்லாம் வாசிக்கிறவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். 1950-களில் எஃகுத் தந்தி வந்தது. 1958 வாக்கில் தொழில்முறைக் கலைஞர்கள் அதற்கே மாறிவிட்டார்கள். இப்போது கற்றுக்கொள்கிறவனுக்கு இந்தச் சொட்டால் தொல்லைதான்: முடியின் அடிப்பக்கத்தில் மட்டும் ரோசின் ஏறும், வில் ஓட்டத்தில் தடுக்கும், தூசி ஒட்டும். பாம்புத் தோலுக்கும் வார்னிஷுக்கும் பக்கத்தில் நெருப்பைக் காட்டுவது இன்னொரு கூத்து. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடலாமா என்று கேட்டேன். வார்னிஷும் சேர்ந்து போய்விடும் என்று தடுத்துவிட்டார். இரண்டு சொட்டை நகத்தால் நெம்பி எடுத்தேன். அந்த இடம் வெள்ளையாக நிற்கிறது.

அந்த உயர்தர ரோசின் இருக்கிறதே, அதே பொன்னெழுத்துப் பெட்டி டாவ்பாவ் இணையக் கடையில் 18 யுவான். ரோசின் என்பது பைன் பிசினிலிருந்து டர்பன்டைனை வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் பொருள்தான். கட்டிக்குக் கட்டி தரம் வேறுபடும், மறுக்கவில்லை. ஆனால் தொடக்க நிலையில் பெட்டியின் விலை காதில் கேட்காது.

கடைக்குப் போகிறவர்கள் இரண்டு தந்தியிலும் முழு வில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடியின் இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். லைட்டரை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அதற்காக என்னைப் போல ஆத்திரத்தில் தினமும் ஐம்பது இழுப்பு பூசவும் வேண்டாம். வில் கரகரவென்று அலறும், தோல் மேல் வெள்ளைத் தூள் படியும். இப்போது வாசிக்கும் முன் முடியின் ஒவ்வொரு முகத்துக்கும் நாலைந்து இழுப்புதான், முடித்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் ஒரு துடைப்பு.

மலைப்பாம்புத் தோலுக்கான சான்றையும் அந்த ஆள் தரவில்லை. அது காட்டுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். காகிதம் இல்லாமல் ஊருக்குக் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் இல்லை.

போன சனிக்கிழமை லாவ்ஷியின் மருமகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அரை மணி நேரம் ஷாங்காய்ப் பேச்சில் வாங்கு வாங்கென்று வாங்கினார். பணம் திரும்பி வரவில்லை, சான்றும் வரவில்லை. கிளம்பும்போது கடைக்காரர் சிரித்த முகத்தோடு என் கையில் ஒன்றைத் திணித்தார். அதே பொன்னெழுத்துப் பெட்டி, இன்னொன்று.