லேப்டாப்பில் தமிழ் தட்டச்சு: தமிழ்99-க்கு மாறலாமா, ஃபொனெடிக்கே போதுமா?

லேப்டாப்பில் தமிழ் அடிக்க வேகம் வரவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது என்றால் பலரும் முதலில் புது கீபோர்டு வாங்கலாமா என்றுதான் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் எந்த முறையில் அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். லேப்டாப்பும் விரல்களும் அதேதான், ஆனால் விசைப்பலகை முறை மாறினால் கைக்கு விழும் வேலையே மாறிவிடும். நான் பல வருடம் ஃபொனெடிக்கில் அடித்துவிட்டு தமிழ்99-க்கு வந்தவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இரண்டையும், கொஞ்சம் பழைய டைப்ரைட்டர் முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஃபொனெடிக்கின் பெரிய பலம், கற்க எதுவுமே இல்லை என்பது. ஆங்கில விசைகள் ஏற்கெனவே தெரியும், ஒலிக்கு ஏற்ற எழுத்தைத் தட்டினால் தமிழ் வருகிறது, முதல் நாளே ஒரு மின்னஞ்சல் எழுதிவிடலாம். சிக்கல் அப்புறம்தான் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு என், ஒரு எல், ஒரு ஆர்தான். நமக்கோ ந, ன, ண என்று மூன்று, ல, ள, ழ என்று மூன்று, ர, ற என்று இரண்டு. இந்த வித்தியாசத்தைக் காட்ட ஷிஃப்ட் விசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் சுண்டுவிரலால், அதாவது கையிலேயே பலம் குறைந்த விரலால். வலப்பக்க ஷிஃப்ட்டைக் குட்டையாக்கி வைத்திருக்கும் லேப்டாப்களில் எல்லாச் சுமையும் இடது சுண்டுவிரலுக்கே போகும். இன்னொன்று, மென்பொருளுக்கு மென்பொருள் விதி மாறும். ஒன்றில் ந-வுக்கு டபிள்யூ, இன்னொன்றில் 'என்' எழுத்தோடு ஒரு சிறு கோடு (n-). கை பழகியது அடுத்த கணினியில் உதவாமல் போகும்.

தமிழ்99, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தரம். இதன் அமைப்பு எனக்கு இன்றைக்கும் பிடித்துப்போகிற விஷயம்: உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கையில், மெய்களில் வ, ங தவிர மற்றவை வலக்கையில். நடு வரிசையிலேயே இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந. குறிலுக்கு மேல் வரிசையில் அதன் நெடில்: அ-வுக்கு மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ. உயிர்மெய் ஒன்றை அடிக்கும்போது பெரும்பாலும் வலக்கை ஒரு தட்டு, இடக்கை ஒரு தட்டு என்று மாறி மாறி வரும். அந்தத் தாளம் பிடித்துவிட்டால் வேகம் தானாக ஏறுகிறது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 'வணக்கம்' என்று அடிக்க ஃபொனெடிக்கில் 8 விசை, கூடவே ண-வுக்கு ஒரு ஷிஃப்ட். தமிழ்99-இல் வ, ண, க, க, ம, புள்ளி, மொத்தம் 6. க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளுக்கும் அப்படியே, அதனால் 'இந்த' என்பது மூன்றே தட்டு. 'கற்றுக்கொண்டேன்' மாதிரி நீளமான சொல்லில் எண்ணிக்கை இரண்டிலும் 12-தான் வருகிறது, ஆனால் ஃபொனெடிக்கில் மேற்கொண்டு மூன்று முறை ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். தமிழ்99-இல் ஒரு முறைகூட வேண்டாம். ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் ஃ-க்கும் மட்டும்தான் ஷிஃப்ட். நாள் முழுக்க எழுதுகிறவருக்குத் தட்டு எண்ணிக்கையைவிட இந்த ஷிஃப்ட் இல்லாததுதான் பெரிய நிம்மதி, என் சுண்டுவிரல் வலி குறைந்ததே இதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. ச-வை சதுர அடைப்புக்குறி விசையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு அதிகம் புழங்கும் எழுத்தை அவ்வளவு ஓரத்தில் வைத்தது எனக்கு ஒப்பவே இல்லை. சில லேப்டாப்களில் அந்த வலது ஓர விசைகளை ஒடுக்கி வேறு வைத்திருப்பார்கள், ச அடிக்கப் போய் ண விழும். மெய்கள் பெரும்பாலும் வலக்கையில் இருப்பதால் 'ண்ட', 'ன்ற' வரும் இடங்களில் அந்தக் கைக்கே தொடர்ந்து வேலை. தானாகப் புள்ளி விழுவதும் சில நேரம் இடைஞ்சல்தான். 'தானறிந்த' என்று அடிக்க ன-வுக்கும் ற-வுக்கும் நடுவில் அ-வைத் தட்டாவிட்டால் 'தான்றிந்த' என்று வந்து நிற்கும். இதெல்லாம் கை பழகும் வரைதான், ஆனால் பழகும் அந்த இரண்டு மூன்று வாரம் உண்மையிலேயே எரிச்சலானது. அவசர வேலை தலைக்கு மேல் இருக்கும்போது மாறாதீர்கள்.

டைப்ரைட்டர் முறையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 'யளனகப' என்று பயிற்சி நிலையத்தில் அடித்துப் பழகி, தேர்வும் எழுதியவர் என்றால் அதிலேயே இருங்கள், உங்கள் விரல்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 'கொ' என்பதற்குக் கொம்பை முதலில் அடித்து, க அடித்து, பிறகு காலைச் சேர்க்கும் ஒழுங்கு காகிதத்தில் அச்சுப் பதித்த இயந்திரத்துக்காக வந்தது.

விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ்99, ஃபொனெடிக் வகை இரண்டுமே உள்ளேயே இருக்கின்றன, அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் போதும். சேர்த்ததும் க-வை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். புள்ளி தானாக வரவில்லை என்றால் அது அரைகுறை தமிழ்99, வேறு ஒன்றைத் தேடுங்கள்; லினக்ஸில் சில அமைப்புகள் அப்படித்தான் இருக்கும், அங்கே ஐபஸ் (IBus) என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்ப்பது நல்லது.

புது கீபோர்டு வாங்குவது வேகத்துக்கு அல்ல, கழுத்துக்கு. லேப்டாப்பில் திரையும் விசைகளும் ஒட்டியே இருப்பதால் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கை தூக்கலாகிவிடும், கையைச் சரியாக வைத்தால் கழுத்து குனியும். தினமும் பல மணி நேரம் என்றால் லேப்டாப்பை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு தனி கீபோர்டு வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் விசையிலேயே அடிப்பதென்றால் மெதுவாகத் தட்டுங்கள், பெரும்பாலும் அவை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை, ஓங்கிக் குத்தினால் விரல் நுனிதான் நோகும்.

வாரத்துக்கு நாலு வரி எழுதுகிறவருக்கு ஃபொனெடிக் போதும். தினமும் ஒரு பக்கமாவது எழுதுகிறவர் என்றால் தமிழ்99-க்கு மாறுங்கள் என்றுதான் சொல்வேன். விசைகளில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒட்டினால் கண் கீழேயே போகும். எஃப் விசையில் தட்டுப்படும் அந்தச் சின்ன மேட்டில்தான் புள்ளி இருக்கிறது, ஜே விசையின் மேட்டில் ப. இரண்டு ஆள்காட்டி விரலையும் அங்கே வைத்துக்கொண்டு முதல் மூன்று நாள் நடு வரிசை மட்டும்: அந்த, இந்த, எந்த, பந்து, அம்பு, கம்பி, மதகு, தகுதி. இந்த எட்டும் பார்க்காமல் வந்த பிறகு மேல் வரிசைக்குப் போங்கள்.