'ஜப்பான் சைக்கிள்' வாங்கப் போறீங்களா? முதல்ல அந்த ஸ்டிக்கரை வாசிங்க

கண்டிப் பக்கம் ஒரு ரீகண்டிஷன் சைக்கிள் கடை, பழையதைத் திருத்தி விற்கிற இடம். பெயர் போடவில்லை. போட்டால் வம்பு வரும், அது ஒரு பக்கம். இதே வியாபாரம் நாலு ஊரில் நடக்கிறது என்பது இன்னொரு பக்கம்.

எனக்கு வீடு கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில், வேலை ஹட்டன் டவுனில். கொஞ்ச தூரம் கல் ரோட்டு, மிச்சம் தார் ரோட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் தேயிலை மலைக்குள் ஒரு சுற்று. கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற, தேயிலை மலைகளுக்குள்ளால் போகிற பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல். அதில் கொட்டகலைப் பக்கம் வருகிற துண்டையும் ஓட்டிப் பார்க்க ஆசை. வேலைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று இரண்டு வாங்கக் கையில் காசில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மவுன்டன் பைக் தேடினேன்.

வெசாக் முடிந்த கிழமை போனேன். முன்னாலும் ஸ்பிரிங், பின்னாலும் ஸ்பிரிங், பளபளவென்று சிவப்புப் பெயின்ட். 68,000 ரூபா. "ஜப்பான் சாமான் தம்பி, அலுமினியம் பொடி, எந்த மலையிலயும் ஏறும்" என்றார் முதலாளி. பொடி என்றால் சைக்கிளின் பிரேம். சீட்டுக்குக் கீழே ஜப்பான் எழுத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று. என்னவென்று கேட்டேன். "அது கம்பெனி வாரண்டி. கழட்டிறாதீங்க, மதிப்புப் போயிரும்." நானும் மூன்று மாசம் அதைத் துணி போட்டுத் துடைத்து வைத்திருந்தேன்!

முதல் நாளே ஏற்றத்தில் நாக்குத் தள்ளியது. உடம்புக்குப் பழக்கமில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் கியர் வட்டங்களின் பல்லை எண்ணினேன். முன்னால் ஒரே வட்டம், 38 பல். பின்னால் இருப்பதில் பெரியது 28. எவ்வளவு இளக்கிப் போட்டாலும் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்கு மேல் போகிறது. இந்த மலைகளில் ஏற அது ஒன்றுக்குக் குறைய வேண்டும். முன்னால் 32, பின்னால் 46 போட்ட சைக்கிளில் முக்கால் சுற்றுக்கூட வராது. மூச்சு வாங்காமல் உட்கார்ந்தே ஏறலாம். கடையில் நிற்கும்போது எண்ண ஒரு நிமிஷம் போதும், எனக்குத்தான் தோன்றவில்லை.

அலுமினியக் கதையும் அப்படித்தான். மருமகனின் விளையாட்டுக் காந்தம் பொடியில் 'டக்' என்று ஒட்டியது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. சந்தேகம் வந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டுபோய்க் கொழுந்துத் தராசில் தொங்கவிட்டோம். 19 கிலோ. அம்மா ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, எடுத்த கொழுந்தே 18 கிலோதான். மடுவத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஜூலை மழையில் ஸ்டோர் வளைவில் இறங்கும்போது பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த போல்ட் அறுந்து, ரோட்டோரக் கானுக்குள் விழுந்தேன். முழங்காலில் ஆறு தையல். ஒரு லொறி வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

கடைக்குப் போன் அடித்தால், "அடுத்த கிழமை கொண்டு வாங்க தம்பி." கொண்டு போனால், "சாமான் வரணும், அடுத்த கிழமை." இப்படியே ஆகஸ்ட் முடிந்தது. விழுந்ததைவிட இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாசத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் அவர்களுடைய 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்து விசாரித்தபோது நான்காவது மாசம் நடந்துகொண்டிருந்தது. பில்லும் இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நான் கேட்கவே இல்லை, முதலாளி டீ வாங்கிக் கொடுத்த மரியாதைக்கு.

அந்த ஸ்டிக்கர்? தங்கச்சி மகன்தான் விளையாட்டாகப் போனைப் பிடித்து மொழிபெயர்த்தான். "மாமா, கரடுமுரடான பாதையில இத ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு." மவுன்டன் பைக் மாதிரித் தோற்றத்தில், ஜப்பானில் டவுனுக்குள் ஓட்டச் செய்து விற்கிற மலிவுச் சைக்கிள்களில் இப்படி ஒட்டுவார்களாம். செய்தவன் ஒளிக்கவில்லை, எழுதியே அனுப்பியிருக்கிறான்.

இப்போது வேறொன்று வைத்திருக்கிறேன். பின் ஸ்பிரிங் கிடையாது. மலிவு விலையில் பின் ஸ்பிரிங் என்றால் பாரமும், ஆடுகிற போல்ட்டும்தான், வேறொன்றும் இல்லை. முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங்கைத் தார் ரோட்டில் ஆடாமல் பூட்டி வைக்கலாம். டிஸ்க் பிரேக், இரண்டு அங்குல டயர், மட்கார்டும் கெரியரும் பூட்ட ஓட்டைகள். வாங்கும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். ஹேண்டிலடியில் 'கடக்' என்று சத்தம் வந்த இரண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஹட்டனில் சைக்கிள் திருத்துகிற பாஸ் ஒருவரையும் கூட்டிப் போனேன், ஆயிரம் ரூபா கொடுத்து.

போன கிழமை அந்தக் கடைப் பக்கமாக பஸ்ஸில் போனேன். வாசலில் சிவப்பு, நீலம் என்று வரிசையாக நிற்கிறது, சீட்டுக்குக் கீழே மஞ்சள் ஸ்டிக்கரோடு. உங்களில் யாராவது வாங்கி இன்னும் மூன்று மாசம் ஆகவில்லை என்றால் "அடுத்த கிழமை"யை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். நான் பிந்தி எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் இருக்கிறது, கேளுங்கள், அனுப்புகிறேன். பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும்.